நிலமில்லாச் சதுரங்கமும் அட்டையிற் சமைத்த நிலமும்

சதுரங்கம் என்னும் பெயரே நால்வகைப் படையைக் குறிப்பது. தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நான்கும் அதன்கண் உள. அரசனும் அமைச்சனும் உளர். இல்லாத பொருள் ஒன்றே, அது நிலம். 64 கட்டங்களும் ஒரே தன்மையன. ஏறி நின்று நோக்க ஒரு மேடில்லை; கடத்தற்கு அஞ்சும் ஆறில்லை; மறைந்து நிற்க ஒரு மரமில்லை. வெட்சியைக் குறிஞ்சிக்கும், வஞ்சியை முல்லைக்கும், உழிஞையை மருதத்துக்கும் புறனாக வகுத்த தொல்காப்பியர், போரையும் நிலத்தையும் பிரித்துப் பார்க்க ஒருப்படாதவர். அவர் கண்கொண்டு நோக்கின் சதுரங்கம், எத்துணை நுட்பமுடையதாயினும், போரின் பாதியையே காட்டும் விளையாட்டாகும்.

ஐரோப்பாவில் இக்குறை 18ஆம் நூற்றாண்டின் பிற்கூற்றில் உணரப்பட்டது. 1780இல் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்னும் கணித ஆசிரியர் சதுரங்கப் பலகையை 1,600க்கு மேற்பட்ட கட்டங்களாக விரித்து, மலை, சேறு, நீர் முதலியவற்றுக்குத் தனித்தனி நிறமிட்டார். நிலம் விளையாட்டினுட் புகுந்தது. ஆயினும் நிறமாகவே புகுந்தது. அதனை உருவுடைய பொருளாக்கியவர் பிரஷ்ய அரசின் அலுவலரான றைஸ்விட்ஸ் என்பவர். 1812இல் அவர் தம் மன்னன் மூன்றாம் பிரெடறிக் வில்லியத்துக்கு மேசை போன்ற ஒரு மரப்பேழையை அளித்தார். உள்ளங்கையளவான சதுர ஓடுகள் பல அதனோடு இருந்தன. குன்றும் வயலும் ஆறும் பாதையும் அவ்வோடுகளிற் புடைப்புருவாக அமைக்கப்பட்டு வண்ணந் தீட்டப்பட்டிருந்தன. ஓடுகளை மாற்றி அடுக்குந்தோறும் புதியதொரு நாடு மேசைமேல் தோன்றும். சிற்றுருவப் படைகளைக் கொண்டு மேசைப்போர் விளையாடுவோர் இன்று நாடும் கழற்றிப் பூட்டத்தக்க நிலம் அப்பேழையில் முழுமையாக இருந்தது.

ஆனால் அது மன்னனின் பேழை. அதன் விலை பிறர்க்கு எட்டாதது. அதனைப் பெருந்தொகையாகச் செய்து பரப்பவும் இயலவில்லை. றைஸ்விட்ஸின் மகன் 1824இல் இவ்விளையாட்டைத் திருத்தி வெளியிட்டபோது ஓடுகளைக் கைவிட்டு, 1:8000 அளவுத்திட்டத்தில் வரைந்த நிலப்படங்களை மேசையில் விரித்தார். செலவு குறைந்தது; பிரஷ்யப் படையின் அலுவலர்களிடையே விளையாட்டுப் பரவியது. ஆயின், நிலம் மீண்டும் தட்டையாயிற்று. கையால் தொட்டுணரத்தக்க நிலம் வேண்டுமெனில் மன்னனாயிருத்தல் வேண்டும்; சாதாரணனுக்குக் கடதாசியே கதி. இந்நிலையைப் பின்வந்தோர் எவ்வாறு மாற்றினர் என்பதே இங்கு நோக்கத்தக்கது. ஏனெனில், களத்தை அமைப்பவனே போரின் பாதியைத் தீர்மானிக்கிறான். ஆற்றுக்கு ஒரு பாலமா இரண்டா என்பது பகடை உருளுமுன்னரே முடிவாகிவிடுகிறது.

மாற்றம் இங்கிலாந்தில் நிகழ்ந்தது. எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸ் 1913இல் ‘லிற்றில் வோர்ஸ்’, அதாவது சிறு போர்கள், என்னும் நூலை வெளியிட்டார். அவரும் நண்பரும் தொடக்கத்தில் நிலமாகக் கொண்டவை கம்பளத்தின்மீது கிடத்திய கலைக்களஞ்சியத் தொகுதிகளே. பின்னர்ப் பிள்ளைகளின் மரக்கட்டைகளும், துளையிட்ட பலகையிற் செருகிய சுள்ளிகளும், சுண்ணக்கட்டியாற் கீறிய ஆறுகளும் வந்து சேர்ந்தன. பணம் கொடுத்து வாங்கியவற்றுட் பெரும்பாலானவை ஈயப் போர்வீரர்களும், மரத்துண்டை எறியும் சிறு பீரங்கியுமே. நிலம் வீட்டிலிருந்து வந்தது. அந்நூலின் இறுதியில், பெரும்போரை விரும்புவோரை விளையாட்டுப் பொருள்கள் நிறைந்த ஒரு மண்டபத்துள் விட்டுவிடலாம் என்ற கருத்தில் வெல்ஸ் எழுதினார். மறு ஆண்டே முதலாம் உலகப் போர் மூண்டது.

இரண்டாம் உலகப் போரின் பின் இவ்விளையாட்டுக்கு உரமூட்டியவருள் டொனால்ட் பெதர்ஸ்டன் முதன்மையானவர். அவர் அப்போரிற் கவசப் படையிற் பணியாற்றியவர், பின்னர் இயன்மருத்துவரானார். 1962இல் வெளியான அவருடைய ‘வோர் கேம்ஸ்’ பலரை மேசைக்கு இழுத்தது. எயார்பிக்ஸ் நிறுவனத்தின் மலிவான பிளாஸ்ரிக் வீரர்கள் படையை எளிதாக்கினர். நிலத்துக்கோ, பச்சைத் துணியின் கீழ்ப் புத்தகங்களை அடுக்கினர். கூரையின் உட்புறத்தில் ஒட்டும் நுரைத்தகடுகளை வெட்டி ஒன்றன்மேலொன்றாக ஏற்றிக் குன்றாக்கினர். வெள்ளைநிறமான அந்நுரைப்பொருள் ஈழத்தில் ‘றெஜிபோம்’ என வழங்குவதேயாம். மன்னனின் ஓட்டுக்கு நிகரான பொருள் குடிமகனின் கைக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது. 1987இல் ‘வோர்ஹாமர் 40,000’ வெளிவந்தபின், அதனை வெளியிட்ட நிறுவனத்தின் சஞ்சிகையே வாசனைப்பூச்சுக் கொள்கலனைக் கொண்டு போர் ஊர்தி செய்யும் முறையைக் கற்பித்த காலமும் இருந்தது. பிற்காலத்தில் அதே நிறுவனம் வார்த்தெடுத்த பிளாஸ்ரிக் நிலங்களை விற்கத் தலைப்பட்டது. அவை அழகியன என்பதை மறுத்தற்கில்லை. எனினும், ஒரே அச்சில் வார்த்த இடிந்த சுவர் எந்நாட்டு மேசையிலும் அதே இடத்தில் உடைந்திருக்கும்.

மலிவாக நிலம் அமைத்தலின் நுட்பம் பொருளில் இல்லை, விளிம்பில் உள்ளது. வழக்கமான களம் 6 அடி நீளமும் 4 அடி அகலமும் உடையது. அதனை ஒரே பலகையாகச் செய்பவன் எங்கே வைப்பான்? வாடகை அறையின் கட்டிலுக்கடியிலும் நுழையாது. பேருந்திலும் ஏற்ற முடியாது. இரண்டடிச் சதுரங்களாயின் 6 துண்டுகள் போதும். ஓரடிச் சதுரங்களாயின் 24 வேண்டும். எவ்வாறு பிரிப்பினும் விதி ஒன்றே. பாதை விளிம்பைத் தொடுமாயின், விளிம்பின் நடுப்புள்ளியிலேயே தொடுதல் வேண்டும். அதன் அகலம் எல்லாத் துண்டிலும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஆற்றுக்கும் இதுவே நியதி. உள்ளே அப்பாதை எவ்வாறு வளைந்தாலென்ன, குளத்தைச் சுற்றினாலென்ன, அது செய்பவனின் விருப்பம். விளிம்பிற் கட்டுப்பாடும் உள்ளே விடுதலையும் என்னும் இவ்வொழுங்கு யாப்புப் பயின்றவர்க்குப் புதிதன்று.

இதனால் விளையும் பயன் கணக்கிட்டால் வியப்பளிக்கும். வேறுவேறான 6 துண்டுகளை 6 இடங்களில் 720 வகையாக வைக்கலாம். ஒவ்வொன்றையும் நான்கு திசைக்கும் திருப்பலாமாதலின், விளிம்புகள் யாவும் ஒன்றோடொன்று பொருந்துமாயின், மொத்தம் 29,49,120 அமைப்புகள் கிடைக்கும். முழு மேசையையும் எதிர்ப்புறம் திருப்பிப் பார்ப்பதை வேறாகக் கொள்ளாவிடினும் 14,74,560 எஞ்சும். ஆறே துண்டு அட்டைக்கு இது அற்பமான விளைச்சலன்று.

செய்முறையிற் சில இடர்கள் உள. அடித்தளத்துக்குக் கடைகளில் வீசப்படும் பெட்டியட்டை போதும். ஆயின் ஈரப்பசை பட்டதும் அது அப்பளம்போல் வளையும். இரண்டு அட்டைகளை, உள்ளோடும் அலைவரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு ஒட்டிப் பாரம் ஏற்றி உலரவிடின் வளைவு பெரிதும் அடங்கும். மேற்புறத்துக்குப் பூசும் வர்ணத்தைக் கீழ்ப்புறத்துக்கும் பூசுதல் வேண்டும். ஒருபுறம் மாத்திரம் இழுபடுவதே வளைவுக்குக் காரணம். அடுத்தது அளவு. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அளந்து வெட்டுபவன் துண்டுக்கு 1 மில்லிமீற்றர் தவறினால், 6 துண்டு வரிசையில் 6 மில்லிமீற்றர் தவறி நிற்பான். பக்கத்து வரிசைப் பாதையோடு அவனுடைய பாதை இணையாது. தகரத்திலோ ஒட்டுப்பலகையிலோ ஒரு மாதிரியை வெட்டி, அதனைக் கொண்டே யாவற்றையும் வெட்டுதல் நன்று.

அட்டைமேல் ஓரங்குலக் கனமான நுரைப்பலகையை ஒட்டினால் ஆற்றைத் தோண்டுதற்கு ஆழம் கிடைக்கும். கத்தி கூர்மையற்றதாயின் நுரை மணிமணியாக உதிரும். மின்னாற் சூடேற்றிய நிக்குரோம் கம்பி வெண்ணெயை அறுப்பதுபோல் அறுக்கும். அதன் புகை தீயது. யன்னலைத் திறந்து வைத்தே இவ்வேலையைச் செய்தல் தகும். விசிறும் வர்ணப்புட்டியை நுரைமேல் நேரே பிடித்தவன் தன் குன்று உருகிக் குழியாவதைக் காண்பான். அதிலுள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். ஆதலால் தச்சர் பாவிக்கும் வெள்ளைப்பசையை முதலிற் பூசி, அதன்மேல் மணலைத் தூவி, உலர்ந்தபின் நீரிற் கரையும் வர்ணம் இடுதல் வேண்டும். கடும் மண்ணிறம் முதலில். பின்பு பெரும்பாலும் துடைத்த தூரிகையால் மேடுகளை மாத்திரம் தொட்டுச் செல்லும் இளநிறம். குன்றுகளைத் துண்டோடு சேர்க்காது தனியே செய்து மேலே வைத்தல் சிக்கனம். அவை படிபடியாக இருத்தலே நன்று. இயற்கையான சரிவிற் சிற்றுருவங்கள் நில்லாது சறுக்கும். புவியியல் வகுப்பிற் சமவுயரக் கோடுகளைப் பின்பற்றி அட்டை அடுக்கியவர்க்கு இக்குன்று பழக்கமானதே.

இனி வீடுகள். வெல்ஸ் தம் வீடுகளை உள்ளீடற்றனவாக அமைத்தலாகாது, கட்டைகளால் நிறைத்துத் திண்ணியனவாகவே அமைத்தல் வேண்டும் என வகுத்தார். வீரரை உள்ளே வைத்தால் விளையாட்டிற் குழப்பம் விளையும் என்பது அவர் கூறிய காரணம். அவருடைய களத்தில் வீட்டினுள் எவரும் புகார். இன்றைய மேசைகளிலோ முழுமையான வீட்டைக் காண்பது அரிது. மூலையொன்றில் இரண்டு சுவர், பாதித் தளம், கூரையில்லை, இதுவே வீடு. இதற்கு எவருடைய கொடிய மனமும் காரணமன்று. கூரையிருந்தால் விளையாடுவோனின் கை உள்ளே செல்லாது. வீரனை மேல்மாடியில் நிறுத்த முடியாது. மேலும், இடிந்த சுவர் வெட்டுத்தவறுகளை மறைத்துவிடும். கோணலாக வெட்டிய அட்டையையும் குண்டுபட்டது என்று சொல்லிவிடலாம். தொடக்கக்காரனுக்கு இடிபாடு இலகு. செய்யும்போதே இடிந்ததாகச் செய்யப்படும் வீடு அது; அதில் ஒருகாலமும் எவரும் குடியிருந்ததில்லை.

1983 முதல் 2009 வரை போர் நிகழ்ந்த வடக்கிலும் கிழக்கிலும், ஓடும் வளையும் போய்ச் சுவர் மட்டும் நிற்கும் வீடொன்றைத் தம் தெருவிலேனும் காணாது வளர்ந்தோர் மிகச் சிலரே. அவ்வீடுகளின் நடுவறையில் ஆலங்கன்று முளைத்திருக்கும்; கிணற்றைச் சுற்றிப் பற்றை மண்டியிருக்கும்; அயலவர்க்கு அவ்வீட்டாரின் பெயர் தெரியும். மேசையிலுள்ள இடிபாட்டைப் பார்க்கும் இத்தகையோர்க்கு வெறுப்புத் தோன்றின் அது நியாயமே. ஆயினும் இவ்விளையாட்டையே பழித்து ஒதுக்குதல் அத்துணை எளிதன்று. பெதர்ஸ்டனின் தலைமுறையினர் 1940, 1941இற் குண்டுவீச்சால் எரிந்த தம் நகரங்களைக் கண்டவர்கள். கண்டபின்னரே மேசைக்கு வந்தவர்கள். போரை அறியாமையே இவ்விளையாட்டுக்கு மூலம் என்பார் கூற்று அவர்கள்முன் நில்லாது.

குறை விளையாட்டில் அன்று, சோம்பலிலேயே உள்ளது என்று கூறத் தோன்றுகிறது. கையாற் செய்பவனுக்கு அச்சு இல்லை. ஆகவே தெரிவு உண்டு. கூரையைச் சுவரோடு ஒட்டாது, உள்விளிம்பில் ஒரு மெல்லிய அட்டைக்கீற்றை வைத்துப் பெட்டிமூடிபோல் அமைத்தால், வேண்டியபோது கழற்றிக் கையை உள்ளே விடலாம். இவ்வாறு செய்வோரும் உளர். ஒரு வீட்டுக்கு அரைமணி நேரம் கூடுதலாகும், செலவு ஏறாது. முழுவீடு நிற்கும் களத்தில் ஆட்டமும் மாறும். இடிபாட்டுக்குள் எறிகணை வீசுவதற்குத் தயங்காத கை, கூரையுள்ள வீட்டின்மீது வீசுமுன், அதனை இழப்பதற்கு எதிரிக்கு எத்தனை புள்ளி கொடுப்பது என்று இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியதாகிறது. வேலி, கிணறு, கொடியில் உலரும் துணி என்பனவும் தீக்குச்சியாலும் நூலாலும் ஆகக்கூடியவை. அவை ஆட்டவிதிக்கு வேண்டாதவை. அங்கு ஆள் இருக்கிறது என்பதைத் தவிர வேறொன்றையும் அவை தெரிவிப்பதில்லை.

ஆட்டம் முடிந்தபின் கூரைகள் மீண்டும் சுவர்மேல் ஏறும். அட்டையும் நுரையும் சேர்ந்து ஒன்றேகால் அங்குலக் கனமுடைய 24 துண்டுகளை, 12 வீதம் இரு அடுக்காக அடுக்கினால், ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம் வரும். இரண்டு பெட்டிகள் போதும். வீடுகளை அவற்றின்மேல் வைத்தலாகாது, பாரத்தில் நசியும். அவற்றைப் பழந்துணி பரப்பிய சப்பாத்துப் பெட்டியில் வேறாக வைத்து, பெட்டியின் மூடியில் ‘வீடுகள்’ என்று எழுதிவிட்டாற் போதுமானது.