ஒரு நொடிப் பொறுமை

காணொளி விளையாட்டில் வெல்வதற்கு விரல் வேகம் ஒன்றே போதும் என்று பலர் கருதுகின்றனர். பொத்தானை விரைந்து விரைந்து தட்டுபவரே வீரர் என்பது சிறுவர் பலரின் எண்ணம். இவ்வெண்ணத்தைத் திருத்தும் கருவி ஒன்று ஜப்பானிய விளையாட்டுத் தொடர் ஒன்றில் உண்டு. அது விளையாடுபவரிடம் ஒரு நொடிப் பொறுமையைக் கேட்கிறது.

அத்தொடரின் பெயர் மெட்ராய்ட். நிண்டெண்டோ நிறுவனம் அதன் முதல் பகுதியை 1986-ஆம் ஆண்டில் வெளியிட்டது. சேமஸ் ஆரான் என்னும் விண்வெளி வீராங்கனை, அயற்கோள்களின் குகைகளுள் தன்னந்தனியாக இறங்கிக் கொடிய உயிர்களோடு போரிடுவதே கதை. சோஸோ என்னும் பறவை இனத்தார் அவளை வளர்த்தனர். அவர்களுடைய கலைத்திறனால் உருவான கவசத்தை அவள் அணிந்திருக்கிறாள். வலக்கையில் பொருந்திய பீரங்கியே அவளுடைய படைக்கலம். கவசத்துக்குள் இருப்பவர் ஒரு பெண் என்னும் செய்தியை முதல் விளையாட்டு அதன் முடிவில்தான் வெளிப்படுத்தியது.

பயணத்தின் தொடக்கத்தில் சேமஸின் ஆற்றல் மிகக் குறைவு. வழியில் தேடிப்பெறும் கருவிகளே அவளைப் படிப்படியாக வலிமையுடையவள் ஆக்குகின்றன. அவற்றுள் ஒன்று 'சார்ஜ் பீம்'. தமிழில் அதனைத் 'திரள்கதிர்' எனலாம். 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த மூன்றாம் பகுதியான சூப்பர் மெட்ராய்டில் அது முதன்முதலாக இடம்பெற்றது. ஜெபஸ் என்னும் கோளின் பிரின்ஸ்டார் பகுதியில், நேர்வழியிலிருந்து சற்று விலகிய இடத்தில் அது வைக்கப்பட்டுள்ளது. சுற்றுமுற்றும் பாராமல் ஓடுபவர் அதனைப் பெறாமலே கடந்துவிடக்கூடும்.

பொத்தானைத் தட்டினால் சிறு கதிர் ஒன்று உடனே பாயும். தட்டாமல் அழுத்திப் பிடித்தால் பீரங்கியின் வாயில் ஒளி திரளத் தொடங்கும். அதனோடு ஓர் ஓசையும் மெல்ல மெல்ல உயரும். ஏறத்தாழ ஒரு நொடியில் ஒளி நிறைவு பெறும். விரலை எடுத்தவுடன், திரண்ட ஆற்றல் முழுவதும் ஒரே கதிராகப் பாயும். சூப்பர் மெட்ராய்டில் அதன் தாக்கம் சிறு கதிரின் தாக்கத்தைப்போல் மூன்று மடங்காகும். ஏவுகணைகளுக்கு எண்ணிக்கை உண்டு; அவை தீர்ந்துவிட்டால் மீண்டும் தேடிச் சேர்க்க வேண்டும். திரள்கதிரோ எத்தனை முறை செலுத்தினாலும் தீராது. அதற்குத் தரவேண்டிய விலை காலம் ஒன்றே.

'மூன்று முறை தட்டினாலும் அதே பயன் கிடைக்குமே, பின் எதற்குக் காத்திருக்க வேண்டும்?' என்று ஒருவர் வினவலாம். இதற்கு ஃபாண்டூன் என்னும் பகைவனே விடை தருகிறான். சிதைந்த விண்கலம் ஒன்றில் உறையும் பேயுருவம் அவன். அவனுடைய ஒற்றைக் கண் திறந்திருக்கும் சிறு பொழுதில் மட்டுமே அவனைத் தாக்க இயலும். கண் மூடியிருக்கையில் எய்த கதிர்கள் அனைத்தும் வீணாகும். கண் திறந்த பிறகு ஆயத்தம் செய்யத் தொடங்குபவருக்கு வாய்ப்பு நழுவிப்போகும். கண் மூடியிருக்கும்போதே ஒளியைத் திரட்டி வைத்திருப்பவர், அது திறந்த கணத்தில் விரலை எடுக்கிறார்.

அவ்வாறு காத்திருக்கும் நேரத்தில் சேமஸ் சும்மா நிற்பதில்லை. ஒளி திரண்டுகொண்டிருக்கும்போதே அவள் ஓடுகிறாள், தாவுகிறாள், ஃபாண்டூன் வீசும் நெருப்புகளிலிருந்து விலகுகிறாள். விளையாடுபவரின் ஒரு விரல் மட்டுமே பொறுத்திருக்கிறது. கண்ணும் கருத்தும் ஓயாமல் உழைக்கின்றன.

திருக்குறளில் 'காலம் அறிதல்' என்னும் அதிகாரம் உண்டு. ஊக்கமுடையவன் உரிய காலத்துக்காக அடங்கியிருப்பதற்கு, போரிடும் ஆட்டுக்கடா பின்னோக்கிச் செல்வதை வள்ளுவர் அதில் உவமையாகக் கூறுகிறார். கடா பின்வாங்குவதைக் கண்டு, அஞ்சி ஓடுகிறது என எண்ணுபவர் ஏமாந்துபோவர். அது பின்செல்லும் ஒவ்வோர் அடியும் பாய்ச்சலுக்கு வலிமை சேர்க்கிறது. பீரங்கியின் வாயில் திரளும் ஒளியும் அத்தகையதே.

ஆயினும் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. சிறு பகைவர்கள் நாற்புறமும் சூழ்ந்துகொள்ளும்போது, ஒவ்வொருவருக்கும் ஒளியைத் திரட்டிக்கொண்டிருந்தால் சேமஸின் உயிராற்றல் குறைந்துவிடும். அங்கே விரைந்து தட்டுவதே தகும். திரட்டிய ஒளியை விடாமலே வைத்திருந்தால் ஃபாண்டூனின் கண்ணும் மூடிக்கொள்ளும். எப்போது பிடித்திருக்க வேண்டும், எப்போது விடவேண்டும் என்று அறிவதே திறமை. தொடரின் பிற்காலப் பகுதிகளிலும் இக்கருவி நிலைத்துவிட்டது. முதல் விளையாட்டின் கதை 2004-ஆம் ஆண்டில் மீண்டும் உருவாக்கப்பட்டபோது, முன்பு அதில் இல்லாத திரள்கதிரும் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

இப்பொறுமை விளையாட்டுக்கு வெளியேயும் பயன்படும். தில்லியிலோ புனேயிலோ வளரும் தமிழ்க் குழந்தை ஒன்றிடம், ஊரிலிருக்கும் பாட்டி தொலைபேசியில் ஏதோ கேட்கிறார். விடைக்கு உரிய இந்திச் சொல் உடனே நாவுக்கு வந்துவிடுகிறது. தமிழ்ச் சொல்லோ வரச் சற்று நேரமாகிறது. அவ்விடைவெளியைக் கண்டு குழந்தைக்குத் தமிழ் வராது என்று அருகிலிருப்போர் முடிவுகட்டிவிடலாம். வெட்கப்பட்டுக் குழந்தையும் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடலாம். அந்த ஒரு நொடியில் உள்ளே சொல் திரண்டுகொண்டிருக்கிறது. குழந்தை சற்றே பொறுக்க வேண்டும். சொல் வந்ததும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். மறுமுனையில் பாட்டி காத்துக்கொண்டுதான் இருக்கிறார்.