நாவின் முடிச்சும் மனத்தின் முகமும்

சில ஆண்டுகளுக்கு முன், ஒசூர்த் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சியாளர் பணிக்கு விண்ணப்பித்த மாணவர் ஒருவருக்கு நற்சான்று எழுதிக் கொடுத்தேன். “ஒழுக்கமானவர், தனிமை விரும்பி” என்று குறித்தேன். இரண்டாண்டுகள் என் தமிழ் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து, வினவினாலன்றி வாய் திறவாதவர் அவர். அப்பணி அவருக்குக் கிடைக்கவில்லை. என் சொல்தான் காரணமோ என்னும் உறுத்தல் இன்னும் நீங்கவில்லை.

அவ்வாண்டு ரமலான் மாதத்தில், ஒசூர்ப் பேருந்து நிலையத்தருகே அவருடைய தாய்மாமனின் பழக்கடையில் அவரைக் கண்டேன். வருவோரிடம் உருதுவிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாறிமாறிப் பேசி, கடையையே கலகலக்க வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சலாம் உரைத்தார், பேச்சு நின்றுவிட்டது. வற்புறுத்திக் கேட்டபின், “தமிழ்ல தப்பாப் பேசினா கிளாஸ்ல சிரிப்பாங்க சார்” என்றார்.

இராவுத்தர் குடும்பத்தில் தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டு வளர்ந்தவன் நான். வகுப்பில் ஒரு மணி நேரம் ஓயாது பேசுபவன், இவ்வூர் நிக்காஹ் வீடுகளில் உருது பேசுவோர் நடுவே உண்டதும் எழுந்து வந்துவிடுவேன். அவர்கள் எனக்கு என்ன சான்று எழுதி வைத்திருப்பார்களோ!

அகமுகம், புறமுகம் என்னும் பாகுபாட்டை 1921இல் விரித்தெழுதிய சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் கார்ல் யுங், பேச்சின் அளவைக்கொண்டு மனிதரைப் பிரிக்கவில்லை. உள்ளத்தின் ஆற்றல் உள்நோக்கிப் பாய்கிறதா, புறவுலகை நோக்கிப் பாய்கிறதா என்பதே அவர் கொண்ட அளவுகோல். இரண்டும் எவரிடத்தும் உண்டு. ஒன்று மிகுந்திருக்கும், அவ்வளவே. தனிமையில் தெளிவு பெறும் இயல்பு வேறு. நகைப்புக்கு அஞ்சி அடங்கும் நாணம் வேறு. (தொல்காப்பியரின் அகத்தையும் புறத்தையும் இதனோடு பொருத்தி மகிழ்வது எம் போன்ற தமிழாசிரியர் வழக்கம். அவை பாடுபொருளின் பிரிவுகள். மாந்தர் குணங்களின் பிரிவுகள் அல்ல.)

தம் நாவின் முடிச்சை அவிழ்த்தருளுமாறு இறைவனை வேண்டிய நபி மூஸா (அலை) அவர்கள், தம்மினும் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகக் கேட்டதைத் திருமறை கூறுகிறது. நாவின் முடிச்சு அவர்களுடைய தூதுத்துவத்துக்குத் தடையாகவில்லை. குழு விவாதம் வைத்து ஆளெடுக்கும் இக்காலத்தில், நாமோ முடிச்சைக் கண்டதுமே மனத்தை அளந்துவிடுகிறோம். உண்மையிலேயே அகமுகராயினும்தான் என்ன? ஓர் இயந்திரத்தின் ஓசை மாறுவதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார்.

மறுவாரமே அம்மாணவரை அழைத்துப் புதிய சான்று எழுதினேன். ‘தனிமை விரும்பி’ என்றிருந்த இடத்தில் ‘நான்கு மொழிகளில் உரையாட வல்லவர்’ என்று எழுதினேன். தமிழையும் சேர்த்துத்தான்.