தேய்க்காதீங்க சார்!

அப்பா கேட்டது ரொம்பச் சின்ன உதவி. "பேத்தி கல்யாணத்துக்கு அந்த வாட்சைக் கட்டிக்கறேன்டா. கொஞ்சம் துடைச்சு வை."

'அந்த வாட்ச்' என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான். 1978-ல் போனஸ் பணத்தில் அப்பா வாங்கிய, தங்க முலாம் பூசிய எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனி ஒத்துழைப்போடு 1961-ல் பெங்களூரில் ஆரம்பித்த தொழில். 2016-ல் வாட்ச் தொழிற்சாலைகளை மூடிவிட்டார்கள். அதாவது, கெடுத்துத் தொலைத்தால் கடையில் புதுசு வாங்கி வைத்துத் தப்பிக்க முடியாது!

'துடை' என்றதை நான் 'தேய்' என்று புரிந்துகொண்டேன். குத்துவிளக்குக்கு வாங்கி வைத்திருந்த பாலீஷ், ஒரு பழைய பனியன். பத்து நிமிஷம் வெறியோடு தேய்த்தேன். பளபளவென்று வந்தது. ஆஹா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால்... வார் மாட்டுகிற ஒரு மூலையில் தங்கத்தைக் காணோம். பித்தளை பல்லிளிக்கிறது!

பனியனைப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது. அப்பாவின் தங்கம் அதில்தான் எங்கேயோ இருந்தது.

"எங்க ஊருக்கு எடுத்துட்டுப் போங்க. பெரியம்மா வீட்டுக்குப் பத்திரிகை வெச்ச மாதிரியும் ஆச்சு" என்றாள் மனைவி. அவள் ஊர் சிதம்பரம். கவரிங் நகைக்குப் பேர் போன ஊர். முலாம் விஷயத்தில் அவர்களுக்குத் தெரியாததா?

எழும்பூரில் சோழன் எக்ஸ்பிரஸ். விழுப்புரம், பண்ருட்டி, கடலூர் என்று போய் சிதம்பரத்தில் இறங்கினேன். முதலில் கோயில். நடராஜர் சந்நிதியின் கூரை வெயிலில் தகதகத்தது. முதலாம் பராந்தக சோழன் பொன் வேய்ந்தான் என்பது சரித்திரம். ஓடுகள் 21,600 என்பார்கள். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக் கணக்காம். சாவி கொடுக்கிற வாட்சுகள் பலவற்றில் ஒரு மணி நேரத்துக்கு 21,600 'டிக்' என்பது ஞாபகம் வந்தது. பையிலிருந்த வாட்சைத் தொட்டுக்கொண்டேன். 'நடராஜா, என் மானத்தைக் காப்பாத்து!'

மேலே கூரையில் அசல் தங்கம். வெளியே வந்தால் கடை கடையாகக் கவரிங். விசாரித்துக்கொண்டே போனதில் ஒரு சந்துக்குள் பட்டறை. பெரியவர் ஒருவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?"

சொன்னேன்.

"விளக்கு முழுசும் பித்தளை சார். எத்தனை தேய்ச்சாலும் உள்ளே பித்தளைதான் வரும். இதுல மேலே மட்டும்தானே தங்கம்? பின்னாடி பாருங்க, அஞ்சு மைக்ரான். தலைமுடி கனத்தைப் பன்னெண்டு பங்கு போட்டா ஒரு பங்கு! பாலீஷ்ங்கறது சன்னமான அரம் மாதிரி. அழுக்கையும் எடுக்கும், தங்கத்தையும் எடுக்கும்."

"ரொம்ப மங்கிப் போயிருந்ததே..."

"மங்கினது தங்கம் இல்லே சார், மேலே படிஞ்ச அழுக்கு. வேர்வை, சோப்பு, தூசி. தங்கம் அடியில பத்திரமா இருந்திருக்கும்."

எனக்கு அங்கேயே தூணில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

பக்கத்து வாட்ச் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டு, மெஷினையும் டயலையும் கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். வெறும் கூட்டை மட்டும் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் போட்டு, குழந்தைகளின் பல் பிரஷ்ஷால் தடவிக் கொடுத்தார். ஆமாம், தடவித்தான் கொடுத்தார். இடுக்குகளிலிருந்து கறுப்பு கரைய, உள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. அலசி, ஈரம் போக ஒற்றி எடுத்தார். அவ்வளவுதான் வைத்தியம்!

"வீட்டுல இப்படி முக்கிடாதீங்க. மெஷினுக்குள்ள தண்ணி போயிடும். ராத்திரி கழட்டும்போது மெத்துனு ஒரு துணியால வேர்வையைத் துடைச்சாலே போதும். விபூதி, புளி, டூத்பேஸ்ட்... எதுவும் கிட்டயே வரக் கூடாது."

"இந்த மூலையில மட்டும் கொஞ்சம் பூசித் தர முடியாதா?"

"பூசலாம். ஆனா பழைய நிறமும் புது நிறமும் ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி தனியாத் தெரியும். நல்லாச் செய்யணும்னா பழைய முலாமை மொத்தமா எடுத்து, மட்டமாக்கி, நிக்கல் கொடுத்து, அப்புறம் தங்கக் கரைசல்ல வெச்சு கரண்ட் விடணும். சயனைடு சமாசாரம், விளையாட்டு இல்லே. பண்ணினா பளிச்சுனு இருக்கும். ஆனா விளிம்பெல்லாம் மழுங்கிப் போய் ஆளே மாறிடும். எதுக்கும் அப்பாகிட்ட கேட்டுட்டு வாங்க."

வாட்சைக் கையில் கொடுத்தவர், "இன்னொண்ணு சார்" என்று எதிர் மூலையைக் காட்டினார். "இங்கேயும் பித்தளை தெரியுது பாருங்க. இது உங்க கைங்கரியம் இல்லே, ரொம்பப் பழசு. உங்களுக்கு முன்னாடியே யாரோ தேய்ச்சிருக்காங்க."

பெரியம்மா வீட்டில் இட்லியும் கத்தரிக்காய் கொத்சுவும் பரிமாறினார்கள். சிதம்பரம் கொத்சு வேண்டாம் என்று நான் சொன்னது வாழ்க்கையில் அன்று ஒரு தடவைதான். எண்பத்தாறு வயது மனுஷரிடம் எப்படிச் சொல்வது?

ஊர் திரும்பியதும் நேராகச் சொல்லிவிட்டேன். அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சிரிப்புச் சத்தம்.

"அந்த எதிர் மூலை இருக்கே, அது நான்டா! வாங்கி ரெண்டாம் வருஷம் சாம்பல் போட்டுத் தேய்ச்சேன். உங்கம்மா மூணு நாள் என்கூடப் பேசலை."

"புதுசா முலாம் பூசிடலாமாப்பா?"

"எதுக்கு? இந்த மூலையில நான், அந்த மூலையில நீ. இருக்கட்டும்."

கல்யாணத்தன்று பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், கையில் அந்த வாட்ச் சகிதம் அப்பா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆசீர்வாதம் வாங்கக் குனிந்த மாப்பிள்ளை வாட்சைக் கவனித்துவிட்டார்.

"பிரமாதமா இருக்கே தாத்தா! ஓரத்துல மட்டும் லேசா மங்கியிருக்கு. என்கிட்ட கொடுங்க, ஒரு தேய் தேய்ச்சுத் தரேன்!"

நானும் அப்பாவும் ஒரே குரலில் அலறினோம்: "வேண்டாம்!"