புத்தூரின் பழைய கார்களும் புதிய வழக்கும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியே புறப்படுவோர் இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து புத்தூரை அடைவர். தூரம் பத்து மைலுக்கு உட்பட்டதே. வழிநெடுகச் செம்மண் தோட்டங்கள், நீர்வேலியிற் குலைதள்ளி நிற்கும் வாழைகள், அவற்றிற்கு அப்பால் வானத்தைத் தாங்குவன போன்று நிரைநிரையாய்ப் பனைகள். புத்தூரிலிருந்து மேற்கே ஒரு வீதி சுன்னாகத்தை நோக்கிப் போகிறது. கிழக்கே மற்றொரு வீதி வாதரவத்தையைத் தாண்டி, உவர்நீர்ப் பரப்பைக் கடந்து, தென்மராட்சியின் மீசாலைக்குச் செல்கிறது.

இப்பக்கம் வருவோர் நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பாராது திரும்புவதில்லை. இராமபிரான் தாகந் தீர்க்க அம்பூன்றிய இடம் அது என்பது ஐதிகம். மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீருமாக அது அமைந்திருப்பது சுண்ணக்கற் பாறையின் தன்மையினால் என்பது அறிஞர் கூற்று. நாமும் அதனைக் கண்டு வியந்தோம். ஆயினும் இன்று வாசகர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது நிலாவரையைப் பற்றியதன்று. அவ்வழியே இன்றும் ஓடும் பழைய மோட்டார்க் கார்களைப் பற்றியதாகும்.

ஒஸ்ரின் ஏ-40 சோமசெற், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் என்னும் பெயர்கள் குடாநாட்டாருக்கு உறவினர் பெயர்களைப் போன்றவை. சோமசெற் 1952 முதல் 1954 வரையே இங்கிலாந்தில் உற்பத்தியாயிற்று. ஆங்கே அது காட்சிப்பொருளாகி நெடுங்காலம் ஆயிற்று. இங்கோ அதன் வயதையொத்த கார்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றின. மணமக்களைக் கோயிலுக்குக் கொண்டுசென்றன. நோயாளரைப் புத்தூர் மெதடிஸ்த மிஷன் வைத்தியசாலை வாசலில் இறக்கின. வெங்காய மூட்டையையும் சுமந்தன. சில இன்றும் ஓடுகின்றன.

இவற்றைப் பற்றி இப்போது ஊரிலே ஒரு வழக்கு எழுந்திருக்கிறது. நீதிமன்றத்திலன்று, கராச் வாசலிலும் தேநீர்க் கடையிலும். பழைய காரின் ஸ்பிரிங்குகளைக் குறுக்கி, உடலை நிலத்தை ஒட்டத் தாழ்த்தி, அகன்ற சக்கரம் பூட்டி, புதுவர்ணம் தீட்டி ஓட்டுவது இளைஞர் சிலருக்கு விருப்பமாகியுள்ளது. காரை வந்தபடியே வைத்திருப்பதுதான் முறை என்பாரும் உளர். எது சரி?

இருதரத்தாரின் வாதத்தையும் நாம் செவிமடுத்தோம். வாடகைக் கார் ஓட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய முதியவர் ஒருவர் சொன்னார்: “தம்பி, உது ஆசுப்பத்திரிக்கு ஓடின கார். உதை நிலத்தோடை முட்ட விட்டால், இடுப்பு நோக்காடு உள்ள கிழவி எப்பிடி ஏறி இறங்கிறது? மாரிக்கு ஒழுங்கையிலை நிக்கிற வெள்ளத்துக்கை எப்பிடிப் போறது?”

இளைஞன் மரியாதையாகவே மறுமொழி சொன்னான்: “அப்பு, உங்கடை காலத்திலை நீங்கள் எஞ்சினையே மாத்தினியள். மண்ணெண்ணெயிலை ஓட்டினியள். அது பிழையில்லை எண்டால், நான் ஸ்பிரிங்கை மாத்தினால் மட்டும் பிழையோ?”

இக்கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அதற்கு விடை காண வேண்டுமாயின் இக்கார்களின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

காரில் மாற்றஞ் செய்தல் இந்நாட்டிற்குப் புதிதன்று. 1957 ஆம் ஆண்டில் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துப் புகுத்தப்பட்டபோது, தமிழரசுக் கட்சியினர் அதற்குப் பதிலாகத் தமிழ் ‘ஸ்ரீ’யைப் பொறித்துக் காரோட்டினர். எஞ்சினிலே கை வைப்பதற்கு முன்னரே எழுத்திலே கை வைத்த வரலாறு அது. அன்றைய காரின் நெற்றியில் இருந்த ஓர் எழுத்து, ஓர் இனத்தின் மனக்குறையைத் தாங்கி நின்றது.

பெரிய மாற்றம் 1990 இல் வந்தது. அவ்வாண்டு ஆனியில் மீண்டும் போர் மூண்டபின், பெற்றோல், டீசல், மின்கலம், உதிரிப்பாகம் ஆகியவற்றிற்குத் தடை விதிக்கப்பட்டது. தரைப்பாதை அடைபட்டது. நவீன கார்கள் கொட்டிலிற் படுத்தன. பழைய ஒஸ்ரினும் மொறிசுமோ மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு எழுந்தன. இஃது அற்புதமன்று, காரணமுடையது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாவதில்லை. கடுமையாக அமுக்கினால் உரிய வேளைக்கு முன்னரே பற்றிக்கொண்டு எஞ்சினைத் தட்டச் செய்யும். இக்காலத்துப் பெற்றோல் எஞ்சின்கள் பல, கலவையைப் பத்து மடங்கிற்கும் மேலாக அமுக்குவன. சோமசெற் போன்றவற்றின் அமுக்கமோ ஏழு மடங்கை ஒட்டியது. ஆகையால் அவை அந்தத் தரக்குறைவான எரிபொருளையும் பொறுத்துக்கொண்டன. முதலில் ஒரு மூடியளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை முடுக்குவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். வெண்புகை கிளம்பும், கண் எரியும், மணம் உடுப்பை விட்டு நீங்காது. ஆயினும் கார் போகும்.

உதிரிப்பாகம் கிடையாதபோது கடைசற் பட்டறையிற் கடைந்தார்கள். ஒரு காரின் உறுப்பை மற்றொரு காருக்குப் பொருத்தினார்கள். 1995 ஐப்பசி 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, நடந்தோரும் சைக்கிளில் வந்தோரும் நெருங்கிய அந்த வெள்ளத்தினிடையே இத்தகைய வாகனங்களும் நோயாளரையும் முதியோரையும் சுமந்து அங்குலம் அங்குலமாக ஊர்ந்தன. 2002 இல் பாதை திறந்தது; 2006 இல் மூடியது; 2009 இல் போர் ஓய்ந்தபின் மீண்டும் திறந்தது. அதன்பின் யப்பானியக் கார்கள் பெருகின. பழைய கார் வைத்திருந்தோர் சிலர், டீசலின் விலை குறைவென்பதால் யப்பானிய டீசல் எஞ்சினை அதனுள் ஏற்றிப் பிழைப்பைத் தொடர்ந்தனர்.

ஆக, இங்குள்ள பழைய கார்களிற் பலவற்றை ‘வந்தபடி’ இருப்பன என்று சொல்ல முடியாது. ‘வந்தபடி’ என்பதுதான் யாது? மொறிஸ் மைனரையே எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் வல்லுநர் அதனை அமைத்தார். 1948 இல் லண்டன் கண்காட்சியில் அது வெளிவந்தது. வெளிவருவதற்குச் சற்று முன், அதன் அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றவே, மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நான்கு அங்குலம் விலக்கிப் பார்த்து, அதுவே அழகெனத் தீர்மானித்தார். முன்னரே செய்து வைத்திருந்த முட்டுத்தாங்கிகளையும் நடுவே வெட்டி ஒட்டுத்துண்டு வைக்கவேண்டி வந்தது. பின்னர் 1952 தொடக்கம் அதன் பழைய எஞ்சினை நீக்கி ஒஸ்ரின் எஞ்சினை வைத்தனர். 1956 இலும் 1962 இலும் மேலும் பெருப்பித்தனர். மொறிஸ் ஒக்ஸ்போட்டின் வழியிற் பிறந்த இந்தியாவின் அம்பாசடர் காருக்கும், தொழிற்சாலையாரே 1992 இல் இசுசு எஞ்சினைப் பூட்டினர். பிறப்பிலேயே வெட்டுண்டு ஒட்டுண்ட காரை வெட்டலாகாது என்று வாதிடுவது கடினம்.

இனி வெளியுலகத்தார் கூறுவதையும் கேட்போம். பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் 1966 இல் அமைக்கப்பட்டது. அது 2012 இல் தூரின் நகரின் பெயரால் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. முப்பது ஆண்டுகட்குக் குறையாத வயது, வரலாற்றுக்கு இசைந்த நிலை ஆகியவற்றோடு, அன்றாடப் போக்குவரத்திற்குப் பயன்படாதிருத்தல் என்பதையும் அச்சம்மேளனம் தன் இலக்கணத்திற் சேர்த்துள்ளது. இந்தியாவில் 2021 இல் வகுக்கப்பட்ட விதிகளும் ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்குத் தனிப்பதிவு அளித்து, அவற்றை வழக்கமான ஓட்டத்திற்குப் பயன்படுத்தலாகாது என்கின்றன. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2019 தையில், தொழிற்சாலை வகுத்த அமைப்பிற்கு மாறாக வாகனத்தைத் திருத்துதல் கூடாதென்று தீர்ப்பளித்தது.

இவற்றை நோக்கும்போது நமக்கு ஓர் ஐயம் எழுகிறது. அன்றாடம் ஓடுவதனாலேயே ஒரு கார் மரபுரிமை அன்று என்றாகுமா? பாரிசிலும் லண்டனிலும் கண்ணாடி அறையில் நிற்கும் காருக்கு அவ்விலக்கணம் பொருந்தலாம். ஆனால் புத்தூர்க் காரின் பெருமையே அது நில்லாமல் ஓடியதில் அன்றோ இருக்கிறது!

கலிபோர்ணியாவின் கதை வேறு. ஆங்கே மெக்சிக்க வம்சத்து இளைஞர் பழைய கார்களைத் தாழ்த்தி, மெல்ல மெல்ல வீதியுலா விடுவதைக் கலையாக வளர்த்தனர். சக்கர வளையத்தின் அடிமட்டத்திற்குக் கீழே காரின் எப்பாகமும் தாழலாகாதென 1958 இல் அம்மாநிலம் சட்டஞ் செய்தது. மறு ஆண்டே ரொன் அகிரே என்பார், விரும்பியபோது தாழவும் பொலிசாரைக் கண்டபோது உயரவும் வல்ல நீரழுத்தப் பொறியைத் தம் காரிற் பூட்டிவிட்டார். அறுபத்தைந்து ஆண்டுகளின்பின், 2024 தை முதலாந் திகதி தொடக்கம் அத்தடை நீங்கிற்று. ஒரு தலைமுறை குற்றமென்றதை மற்றொரு தலைமுறை பண்பாடு என்கிறது. ஆதலின் இளைஞரின் விருப்பத்தை வெறும் விளையாட்டென்று தள்ளிவிடுதலும் தகாது.

எனினும் கலிபோர்ணியாவின் வீதி வேறு, நமது ஒழுங்கை வேறு. கார் தாழ்ந்தால் அதன் பாரமையம் தாழும். வளைவில் அதிகம் சாயாது. இஃது உண்மை. ஆனால் ஸ்பிரிங் அசைவதற்குரிய இடம் குறையும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே உடலுக்கும் முதுகெலும்பிற்கும் போகும். சக்கரத்தின் கோணம் மாறி ரயர் ஒருபக்கமாகத் தேயும். எண்ணெய்த் தொட்டி கல்லில் இடிபடும். கார்த்திகை மாரியில் நீர் நிறைந்த குழியின் ஆழத்தை அறிபவர் யார்? கிழவியைப் பற்றி அம்முதியவர் சொன்னதும் இதனுள் அடங்கும்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் காணவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மீளத்தக்க மாற்றம் வேறு. மீளாத மாற்றம் வேறு. மொறிஸ் மைனரின் முன்பக்கத்தைத் தாங்குவது முறுக்குக் கம்பி. அதன் பற்களை ஓரிரண்டு தள்ளிப் பூட்டினால் கார் தாழும்; திருப்பிப் பூட்டினால் எழும். பின்பக்க வில்லுத்தகட்டுக்கும் அச்சிற்கும் இடையே ஒரு கட்டையை வைத்தாலும் அவ்வாறே. ஆனால் ஸ்பிரிங்கை வாளால் அறுத்தாலோ, அடித்தளத்தை வெட்டினாலோ, கூரையை அரிந்து குறைத்தாலோ திரும்பி வர வழியில்லை. தூரின் சாசனமும் கழற்றிய மூலப்பாகங்களைக் காரோடு பேணிவைக்குமாறு கூறுகிறது. அவ்வொரு வாசகத்தையாவது நம் இளைஞர் கைக்கொள்ளலாம். எஞ்சினை மாற்றுவோர் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களப் பதிவையும் மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

அந்த இளைஞன் கேட்ட கேள்விக்கும் இதுவே நமது விடை. முதியவர்கள் செய்த மாற்றம் காரை ஓடவைக்கச் செய்தது. அவன் செய்ய நினைப்பது காரைப் பார்க்கவைக்கச் செய்வது. இரண்டும் ஆசையே. ஆனால் ஒன்றின் பின்னே ஓர் ஊரின் இடர் நின்றது.

‘வந்தபடி’ கட்சியாருக்கும் நாம் ஒன்று சொல்ல வேண்டும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இல் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும்வரை, பழைய வாகனங்களின் விலை பெரிதும் ஏறிற்று. விலை ஏறவே, புதுமெருகூட்டித் தொழிற்சாலை நிலைக்கு மீட்கும் ஆசையும் எழுகிறது. அவ்வாறு மீட்போர், மண்ணெண்ணெய்க்கென வைத்த சிறு குழாயையும், பட்டறையிற் கடைந்த பித்தளை உறுப்பையும், தகரவேலையின் தழும்பையும் ‘அசலன்று’ எனக் கழற்றி எறிவாராயின், 1954 ஐ மீட்பதற்காக 1990 ஐ அழித்தவர் ஆவர். அந்த ஒட்டுவேலை இங்கிலாந்தின் வரலாறன்று, நம்முடைய வரலாறு. தாழ்த்துவோர் அழிப்பது காரின் உருவத்தை. பளபளப்பாக மீட்போர் அழிப்பது அதன் நினைவை.

இத்தீவின் தெற்கிலிருந்தும் ஓர் உதாரணங் காட்டலாம். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பார், ஒரு காரை எறியாது திருத்தித் திருத்தி நெடுங்காலம் வைத்திருப்பதே சிக்கனம் என்ற கொள்கையை 1982 இல் நூலாக வெளியிட்டார். பின்னர் இலங்கையர் ஒருவருடன் கூட்டாக, மொறிஸ் மைனரின் உதிரிப்பாகங்களை இங்கேயே உற்பத்தி செய்யும் முயற்சி ஒன்றையும் தொடங்கினார். இலங்கைக் கைகள் செய்த தகடு இங்கிலாந்துக் காருக்குப் போயிற்று. திருத்தும் தொழில் நமக்கு இழுக்கன்று. அது நாம் பிறர்க்கும் கொடுக்கத்தக்க செல்வம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆதலின், பழைய கார் வைத்திருக்கும் புத்தூராருக்கும் அயலூராருக்கும் நமது வேண்டுகோள் மூன்று. கழற்றும் எதனையும் எறியாது எண்ணெய் பூசிச் சாக்கிற் கட்டி வையுங்கள். எவ்வாண்டு, யார், எதை, ஏன் மாற்றினார் என்பதை ஒரு கொப்பியில் எழுதி, பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் இன்னும் நம்மிடையே உள்ளபோதே, அவற்றின் அருகே ஓர் இளைஞனை நிறுத்துங்கள். அவன் காரைத் தாழ்த்த வந்தவனாயினும் சரியே. ஸ்பிரிங்கைத் தேடி வருகிறவன் எஞ்சினையும் கற்றுக்கொண்டு போகட்டும். கார் ஓரங்குலம் தாழ்ந்தால் மறுபடி உயர்த்தலாம். அந்தக் கைத்தொழில் மறைந்துபோனால் அதனை மீட்டெடுக்க எந்தக் கராசிலும் ஆள் இராது.