மறுமுறை பூக்கும் குள்ள ஐரிஸ்

எங்கள் இந்தியானா மாநிலத்தில் பிளஃப்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பால் குக் என்பவர், நெடிதுயர்ந்து வளரும் தாடி ஐரிஸையும் சாண் உயரத்தையும் எட்டாத பியூமிலா என்ற காட்டினத்தையும் மகரந்தச் சேர்க்கையால் இணைத்து, 1951-ஆம் ஆண்டில் ‘கிரீன் ஸ்பாட்’ என்ற குள்ள ஐரிஸை வெளியிட்டார். அவ்வகைக் குள்ள ஐரிஸ்களில் பின்னர்த் தோன்றியவற்றுள், வசந்தத்தில் ஒருமுறை பூத்ததோடு நில்லாமல் இலையுதிர்காலத்தில் மறுமுறையும் பூக்கும் குணம் வாய்ந்தவை சில உண்டு. லாயிட் சர்பிரிக் 1979-இல் பதிவுசெய்த ‘பேபி பிளெஸ்ட்’ என்னும் இளமஞ்சள் புஷ்பம் அவற்றுள் பிரசித்தமானது.

மறுபூப்பைச் செடியின் தயாள குணம் என்று எண்ணுவோர் பலர். என் அநுபவத்தில் அது ஒரு காலக்கணக்கு. ஒருமுறை பூத்த கிழங்கு மறுபடி பூப்பதில்லை. இஞ்சியைப் போல அதன் பக்கங்களில் கிளைக்கும் சேய்க்கிழங்குகளே பூக்கவேண்டும். சாதாரண இனங்களில் அச்சேய்கள் குளிர்காலத்தைக் கடந்த பின்னரே மொட்டு விடும். இவ்வினங்களிலோ, பனி விழுமுன் முதிர்ந்துவிட்டால் அவ்வருஷமே பூத்துவிடும். ஆகவே, மே மாதத்தில் பூ வாடிய கையோடு காம்பை அடியில் நறுக்கி, தழைச்சத்துக் குறைந்த உரத்தைச் சிறிதளவு இட்டு, கோடை முழுவதும் வளர்ச்சி தடைப்படாமல் தண்ணீர் விடுவது அவசியம்.

தர்மசங்கடம் எழுவதும் இங்கேதான். முதுகில் வெயில் படும்படி மேலாக நடவேண்டிய இக்கிழங்குக்கு, ஈரம் தேங்கினால் அழுகல் நோய் வந்து சேரும். நான் மண்ணை விரலால் கிளறிப் பார்த்து, உள்ளேயும் உலர்ந்திருந்தால் மாத்திரமே, காலை வேளையில், கிழங்கின்மேல் படாமல் சுற்றிலும் ஜலம் விடுவேன். அப்படியும் விசிறி போன்ற இலைக்கொத்து அடியில் தளர்ந்து, கட்டைவிரலால் அழுத்துகையில் கிழங்கு கூழாய் அமுங்கித் துர்நாற்றம் வீசினால், கெட்டியான வெண்சதை தெரியும்வரை கத்தியால் சுரண்டி, அக்காயத்தை வெயிலில் உலரவிடுவதே சிகிச்சை. இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறை கிழங்குகளைப் பிரித்து நடாவிட்டால், அவை ஒன்றையொன்று நெருக்கிப் பூப்பு குன்றும்.

இத்தனை பிரயாசைக்குப் பிறகும், அக்டோபர் உறைபனி முந்திக்கொண்டால் மொட்டுகள் கருகிப்போவதுண்டு. தெற்கு நோக்கிய சுவரோரமாக நடுவது அதற்கு ஓரளவு பரிகாரம். ஜூலை வெயிலில் தோட்டத்தைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகும் வழக்கமுள்ளவர்கள், ஒருமுறை பூக்கும் சாதாரண இனத்தை நடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.