பனி தேசத்தின் போனை ஊமையாக்கிய எலக்ட்ரான்கள்!

கனடாவின் வடகோடியில் இருக்கும் இக்காலுயிட் நகரத்துக்கு வெளியூரிலிருந்து சாலை கிடையாது. ரயிலும் இல்லை. ஒட்டாவாவில் விமானம் ஏறினால் சுமார் மூன்று மணி நேரப் பயணம். கோடையில் கடல் பனி உருகினால் சரக்குக் கப்பல் வரும். நூனவுட் பிரதேசத்தின் தலைநகருக்கே இந்த நிலை என்றால், மற்ற குட்டி ஊர்களைக் கேட்கவே வேண்டாம். இந்தப் பனிவெளிக்கு போன், டி.வி. எல்லாம் பல வருடங்களாக வானத்திலிருந்துதான் இறங்குகின்றன.

அதனாலோ என்னவோ, 1972-ல் தொடங்கிய தன் செயற்கைக்கோள் வரிசைக்கு கனடா 'அனிக்' என்று பெயர் வைத்தது. இனுயிட் மக்களின் மொழியில் சகோதரன் என்று அர்த்தம்.

அந்த சகோதரர்களில் இருவர் 1994 ஜனவரி 20 அன்று தலைசுற்றிப் போனார்கள். முதலில் அனிக் இ1. பூமியை நேராகப் பார்த்து நிற்க உதவும் சுழல் சக்கரத்தின் மின்சுற்று செயலிழந்தது. சில மணி நேரத்தில் அதை மீட்டார்கள். மூச்சுவிடுவதற்குள் அனிக் இ2-வும் அதேபோல் தடுமாற, அதன் மாற்றுச் சுற்றும் கைவிட்டது. டி.வி. சேனல்கள் மறைந்தன. பத்திரிகை அலுவலகங்களுக்குச் செய்தி போகவில்லை. வடக்கே பல ஊர்களில் போன் ஊமையானது. மைனஸ் 25 டிகிரிக்கும் கீழே போகும் ஜனவரி குளிரில், நோயாளிக்காக விமானத்தைக் கூப்பிடவும் அங்கே போன்தான் வேண்டும்.

யார் செய்த வேலை இது?

இந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கின்றன. நம் வீட்டு டிஷ் பார்த்துக்கொண்டிருப்பதும் அதே உயரத்தைத்தான். அது காலி இடமல்ல. பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரான்கள் சுற்றிவரும் 'வான் ஆலன் பட்டை'யின் வெளி வளையம் அங்கே இருக்கிறது. 1958-ல் எக்ஸ்புளோரர் 1 அனுப்பிய தகவலை வைத்து ஜேம்ஸ் வான் ஆலன் கண்டுபிடித்த பட்டை இது.

சூரியக் காற்று சாதாரணமாக நொடிக்கு 400 கி.மீ. வேகத்தில் வரும். சில நாட்களில் அது 700-ஐத் தாண்டும். அப்போது காந்தப்புலம் குலுங்கி அலைகள் எழுகின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுவதுபோல அந்த அலைகள் எலக்ட்ரான்களைத் தள்ள, அவை ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. செயற்கைக்கோளின் தோலைத் துளைத்து உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் குட்டி மின்னலாக வெடிக்கும். 1994-ல் நடந்ததும் இதுதான் என்பது ஆய்வாளர்களின் முடிவு. வடவானில் பச்சையாக ஆடும் துருவ ஒளி பாவம், அதற்கு இதில் பங்கில்லை. நிஜ வில்லன் கண்ணுக்கே தெரியாது!

விசித்திரம் என்னவென்றால், எல்லாப் புயலும் இப்படிச் செய்வதில்லை. 1989 முதல் 2000 வரையிலான 276 காந்தப் புயல்களை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய பாதியில்தான் எலக்ட்ரான்கள் பெருகின. சுமார் ஐந்தில் ஒரு புயலில் குறைந்தேவிட்டன!

அனிக் இ2 திரும்பி வர ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆயின. சக்கரத்தை மறந்துவிட்டு, அதிலிருந்த சின்ன ராக்கெட்களைத் தரையிலிருந்தே கம்ப்யூட்டர் மூலம் இயக்கி நிமிர்த்தினார்கள். அதுவரை கனடாவில் ஆயிரக்கணக்கானவர்கள் குளிரில் வெளியே போய், தங்கள் டிஷ்ஷை வேறு செயற்கைக்கோள் பக்கம் கையால் திருப்பிவைக்க வேண்டியிருந்தது.