பூசாமல் விட்ட சுவர்

போன விடுமுறைக்குப் பேத்தி வரும்போது நீர்வண்ணப் பெட்டியோடு வந்தாள். "தாத்தா, மரங்களுக்கு நடுவுல ஒரு வீடு வரையணும். கிட்ட பார்த்தா வெறும் திட்டுத் திட்டா இருக்கணும், தள்ளி நின்னா வீடு தெரியணும்" என்றாள். இம்ப்ரெஷனிசத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை முப்பத்தைந்து வருஷ டிராயிங் மாஸ்டர் வேலையில் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

நானும் இருபத்திரண்டு வயதில் எங்கள் பூர்வீக வீட்டை நீர்வண்ணத்தில் வரைந்தேன். ஓட்டு வீடு, முன்னால் இரண்டு மாமரம், பின்னால் ஒரு புளி. காலை வெயில் இலைகளுக்குள் நுழைந்து சுண்ணாம்புச் சுவரில் விழும். அந்த வெயிலுக்காகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கை ஓடுகளுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு ஓடாக வரைந்தேன், இலைகளையும் விடவில்லை. மூன்று நாள் வேலை. கடைசியில் சுவர் மட்டும் வெறுமனே கிடக்கிறதே, சோம்பேறி என்பார்களோ என்று அதன் மேலும் லேசாகச் சாம்பல் நிறம் பூசினேன். வெயில் செத்துப்போனது.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது காகிதம்தான். எண்ணெய் வண்ணமென்றால் கறுப்பின் மேல்கூட வெள்ளையை வைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போகலாம். திரும்பி வருவது கஷ்டம். ஈரத் துணியால் ஒற்றினாலும் கறை கொஞ்சம் நிற்கும்.

பல வருஷம் கழித்து, ஒரு நூலகப் புத்தகத்தில் பிரெஞ்சு ஓவியர் செசானின் கடைசிக்கால நீர்வண்ணப் படங்களைப் பார்த்தேன். பாரிஸில் 1874-ல் நடந்த முதல் இம்ப்ரெஷனிஸ்ட் கண்காட்சியில் படம் வைத்தவர். இன்னொரு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியரான பிஸ்ஸாரோவோடு வெட்டவெளியில் உட்கார்ந்து வரைந்து பழகியவர். அந்தப் படங்களில் கொஞ்சம் பென்சில் கோடு, அங்கங்கே நீலம், பச்சை. மீதி இடத்தைத் தொடவே இல்லை. அச்சுக்காரன் ஏதோ விட்டுவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டடி தள்ளிப் போனதும் தொடாத இடமெல்லாம் வெளிச்சமாக எரிந்தது. பேத்தி கேட்ட மாதிரி மரங்களுக்கு நடுவே வீடு பார்க்கவேண்டுமென்றால், அதே பிஸ்ஸாரோ 1877-ல் வரைந்த 'சிவப்புக் கூரைகள்' படத்தில் இலையில்லாத மரங்களுக்குப் பின்னால் வீடுகள் இருக்கும். எண்ணெய் வண்ணம்தான், ஆனாலும் பாருங்கள். கூரையின் சிவப்பு தரையிலும் இறங்கியிருக்கும்.

வெறும் இடம் விடாமல் பூசுகிற இந்தத் தப்பை வரைவதில் மட்டும் செய்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். பத்தாம் வகுப்பில் தோற்ற ஒரு பையன் ஒருநாள் என் வீட்டுக்கு வந்தான். ஒரு மணி நேரம் புத்தி சொன்னேன். நடுவில் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் இடம் விடவில்லை. காபியைக் குடித்துவிட்டு "வர்றேன் சார்" என்று போனவன் பிறகு வரவே இல்லை. அவன் என்ன சொல்ல வந்தான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேத்தி வாசலில் உட்கார்ந்து எதிர்வீட்டை வரைந்தாள். பச்சையை டியூபிலிருந்து அப்படியே எடுக்காதே, மஞ்சளையும் நீலத்தையும் நீயே கல என்றேன். நிழலுக்குக் கறுப்பைத் தொடாதே, சுவரில் விழுகிற மர நிழலை நன்றாகப் பார், ஊதா தெரியும் என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். சுவரை அவள் வெறுமனே விட்டிருந்தாள். என் கை தூரிகையை நோக்கிப் போனது உண்மை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

நீங்களும் முயன்று பாருங்கள், பிள்ளைகளே. சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள காகிதம் வாங்குங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் சுருண்டுவிடும். காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் எட்டரைக்குள் எழுந்துவிடுங்கள், அதற்குள் நிழல் நகர்ந்திருக்கும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் ஓடும் இலையும் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும், அதை வரையுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் வேண்டும், ஒன்று தூரிகை கழுவ, ஒன்று வண்ணம் கரைக்க. டீ டம்ளரை மட்டும் தூரமாக வையுங்கள். நான் பலமுறை அதில்தான் தூரிகையைக் கழுவியிருக்கிறேன்.